பீரோவுக்குப் பின்னால் கறுப்பு, புடவை மடிப்பில் வெள்ளை: எது மோல்ட், எது மில்டியூ?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

சென்னையின் தென்பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், ஆறு வயது மகன், சர்க்கரை நோயுள்ள மாமியார். ஐப்பசி மழையில் படுக்கையறை பீரோவை நகர்த்தியபோது, பின்சுவரில் முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை கறுப்பாகப் புள்ளி புள்ளியாகப் படர்ந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. பீரோவுக்குள் என் கல்யாணப் பட்டுப்புடவையின் மடிப்பிலும் சாம்பல் தூவினாற்போல வெள்ளையாக இருந்தது. வீட்டுக்காரர் "உப்புப் பூத்திருக்கு, பெயிண்ட் அடிச்சா போயிடும்" என்று அடித்துக் கொடுத்தார். மார்கழி முடிவதற்குள் பெயிண்ட் கொப்பளித்து, மறுபடி அதே கறுப்பு.

இணையத்தில் படித்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைசலை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். நிறம் வெளுத்தது. அப்படியானால் அது மேலோட்டமாகப் படியும் மில்டியூ என்ற பூசணம்தான், உள்ளே இறங்கும் மோல்ட் இல்லை, ஆபத்தில்லை என்று போட்டிருந்தது. முழுவதும் போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டையும் கலந்து தேய்த்தேன். அன்று முழுக்கக் கண் எரிந்தது. இரவு மகனுக்கு மூச்சிரைப்பு வந்து, நெபுலைசர் வைக்கும்படி ஆயிற்று. மழை தொடங்கியதிலிருந்து இது மூன்றாவது முறை. பொங்கலுக்கு மதுரையில் அம்மா வீட்டில் ஒரு வாரம் இருந்தபோது அவனுக்கு இருமலே இல்லை. மருத்துவர் தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை, பழகிவிடும் என்று நிறுத்திவிட்டோம். நாற்றம் போகத் தினமும் சாம்பிராணி போடுகிறேன். ஓர் உறவினர், "இது கொரோனா நேரத்தில் கண்ணை எடுத்தாங்களே, அந்தக் கறுப்புப் பூஞ்சை" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து மாமியார் அந்த அறைக்குள்ளேயே வருவதில்லை. இது மோல்டா, மில்டியூவா? வீட்டைக் காலி செய்ய வேண்டுமா? செலவு யாருடையது? புடவையை என்ன செய்வது?

நுரையீரல் மருத்துவரின் பதில்:

அம்மா, மற்றதெல்லாம் பிறகு. பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் இனி ஒருக்காலும் ஒன்றாகக் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியாகும். அன்று உங்கள் கண் எரிந்ததற்கும், இரவு பையனுக்கு இரைத்ததற்கும் பூஞ்சையைவிட அந்த வாயுவைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். வினிகரும் அமிலம்தான், அதையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் ஆகாது. "இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டிப்பாக வேலை செய்யும்" என்ற நம்பிக்கையால் மூச்சுத்திணறி வந்தவர்களை மழைக்காலம்தோறும் பார்க்கிறேன். நீங்கள் மட்டும் செய்த தவறில்லை இது.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருவோம். மோல்ட், மில்டியூ இரண்டுமே பூஞ்சைகள். நம் வீடுகளில் ஊறுகாய் ஜாடியில் படர்ந்தாலும், தோல் செருப்பில் படர்ந்தாலும், சுவரில் படர்ந்தாலும் ‘பூசணம் பிடிச்சிருக்கு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதில் பெரிய பிழை ஒன்றுமில்லை. தாவர நோய் படித்தவர்களுக்கு மில்டியூ என்பது பூசணிக்கொடியிலும் உளுந்து இலையிலும் வெள்ளையாகப் பூக்கும் சாம்பல் நோய், திராட்சை இலையின் அடியில் வரும் அடிச்சாம்பல் நோய், இவைதான். அந்த இனங்கள் உயிருள்ள செடியில்தான் பிழைக்கும், சுவருக்கு வருவதில்லை. வீட்டு விஷயத்தில் ஆங்கிலம் பேசுபவர்கள் சொல்லும் மில்டியூ, மேற்பரப்போடு தட்டையாகப் படிந்து மாவு போல இருக்கும் வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பூஞ்சை. மோல்ட் என்பது பொருளுக்குள் வேர் போல இழை இறக்கி, சற்றே மேடாக, பஞ்சு போலவோ பிசுபிசுப்பாகவோ, கறுப்பாகவோ பச்சையாகவோ வளர்வது. பழகு தமிழில் ஒன்றை மேல்பூசணம், மற்றதை உள்பூசணம் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்குப் போதும்.

இரண்டும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. புடவை மடிப்பில் இருப்பது மேல்பூசணம். மெல்லிய துணியால் ஒரு முறை துடைத்தால் துணியோடு வந்துவிடும், அடியில் பட்டு பெரும்பாலும் அப்படியே இருக்கும். சுவரில் இருப்பது அப்படி வராது. ஈரத் துணியால் துடைத்தால் மேலே உள்ளது கொஞ்சம் கரி போல ஒட்டும், ஆனால் கறை சுவரிலேயே நிற்கும். நகத்தால் கீறினால் பெயிண்டுக்கு அடியிலும், சில இடங்களில் பூச்சுக்குள்ளும் கறுப்பு தொடரும். புதுப் பெயிண்டைத் தாண்டி இரண்டே மாதத்தில் மறுபடி வந்தது என்றால் அது உள்பூசணம்தான்.

நீங்கள் செய்த ஒரு சொட்டு பிளீச் சோதனை பொய்யில்லை, ஆனால் அது பதில் சொல்வது வேறொரு கேள்விக்கு. கறை பூஞ்சையா, இல்லை வெறும் அழுக்கோ கரியோ என்று அது காட்டும். பூஞ்சை என்றால் ஓரிரு நிமிடத்தில் வெளுக்கும். மோல்டும் வெளுக்கும், மில்டியூவும் வெளுக்கும். வெளுத்தது நிறம்தான், இழை உள்ளேதான் இருக்கிறது.

வீட்டுக்காரர் சொன்ன உப்பும் கற்பனையில்லை. செங்கல், சிமெண்டிலுள்ள உப்பு ஈரத்தோடு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். விரலால் தேய்த்தால் நறநறவென்று உதிரும், மணமிருக்காது, தண்ணீர் தெளித்தால் கரைந்து மறைந்துவிட்டுக் காய்ந்ததும் திரும்ப வரும். பூஞ்சை தண்ணீரில் கரையாது, பழைய புத்தகம் போல முக்கல் நாற்றம் அடிக்கும். உங்கள் சுவரில் இரண்டும் இருக்கக்கூடும். அந்த உப்பே சுவருக்குள் தண்ணீர் இருப்பதற்குச் சாட்சி என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

கறுப்பு என்றாலே பயப்பட வேண்டுமா?

மாமியாரை முதலில் அந்தப் பயத்திலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். 2021 மே மாதம் தமிழக அரசு, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்த ‘கறுப்புப் பூஞ்சை’ மியூக்கர்மைகோசிஸ். அது வேறு குடும்பம். கட்டுக்கடங்காத சர்க்கரையும், கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டும் சேர்ந்தவர்களைத்தான் அது பெரும்பாலும் தாக்கியது. அந்தப் பூஞ்சையின் நிறம்கூடக் கறுப்பில்லை. அது ரத்தக்குழாயை அடைத்து, உடலின் திசு செத்துக் கறுத்ததால் வந்த பெயர் அது. உங்கள் சுவரில் இருப்பது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற, மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் இடம் தேடும் சாதாரண இனங்கள். மாமியாருக்கு என் ஆலோசனை இரண்டுதான்: சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும், சுவரைத் தேய்க்கும் வேலையில் அவர் இறங்க வேண்டாம்.

இணையத்தில் உலவும் ‘விஷக் கறுப்பு மோல்ட்’ கதைக்கும் ஒரு பின்னணி உண்டு. 1990-களின் நடுவில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்தது. ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கறுப்பு மோல்டைக் காரணம் காட்டினார்கள். அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2000-ல் தரவுகளை மறுபடி ஆராய்ந்து, அந்தத் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று அறிவித்தது. முதல் செய்தி ஓடிய தூரத்துக்கு இரண்டாவது ஓடவில்லை.

அதற்காக, சுவரில் வெறும் கறைதானே என்று விடுகிற விஷயமும் இல்லை. இங்கிலாந்தின் ராச்டேலில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. பூஞ்சை மண்டிய வீட்டில் நீண்டநாள் இருந்ததால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவானது. அதன் தந்தை 2017-லேயே புகார் செய்திருக்கிறார். அப்போது கிடைத்த பதில், மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். அந்தக் குழந்தையின் பெயரில் அங்கே வாடகை வீடுகளுக்குச் சட்டமே வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் எந்த இனம், என்ன நிறம் என்பதில் நிற்கவில்லை. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் இருமல், இரைப்பு, ஆஸ்துமா தீவிரமாவது அதிகம், ஆகவே ஈரத்தை நிறுத்துங்கள் என்பதே அதன் சாரம். எனவே சுவரைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்பிக் காசை வீணாக்க வேண்டாம். எந்தப் பெயர் வந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றேதான்.

பையன் விஷயம்

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி மதுரை வரி. ஒரு வாரம் வீட்டை விட்டுப் போனால் இருமல் நிற்கிறது, திரும்பி வந்தால் தொடங்குகிறது என்றால், வீட்டில் ஏதோ ஒன்று தூண்டுகிறது. அது பூஞ்சையாக இருக்கலாம். ஈரத்தில் பெருகும் தூசிப் பூச்சிகளாகவும் இருக்கலாம், அவை தலையணையிலும் மெத்தையிலும் குடியிருப்பவை. தினமும் போடும் சாம்பிராணியாகவும் இருக்கலாம். மதுரையில் பாட்டி சாம்பிராணி போட்டாரா என்று கேட்டுப் பாருங்கள். நாற்றத்தை மறைக்க நீங்கள் போடும் புகை, இரைப்புள்ள குழந்தைக்கு நேரடி எதிரி. கொசுவர்த்திச் சுருளும் அப்படியே. இன்றே இரண்டையும் நிறுத்துங்கள், கொசுவுக்கு வலை கட்டுங்கள்.

இன்ஹேலர் பழகிவிடும் என்பது நான் தினமும் கேட்கும் வாக்கியம். தினசரி இன்ஹேலரில் இருப்பது மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணிக்கும் மருந்து. மைக்ரோகிராம் கணக்கில், போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது. அதற்கு யாரும் அடிமையாவதில்லை. நிறுத்தியதால்தான் நெபுலைசரும் அவசர மாத்திரையும் தேவைப்படுகின்றன, அவற்றில் மருந்தின் அளவு பல மடங்கு. குழந்தை மருத்துவரிடம் போய், நிறுத்திவிட்டோம் என்பதை மறைக்காமல் சொல்லி மறுபடி தொடங்குங்கள். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாய் வைத்து எடுக்கிறானா என்று அவர் முன்னாலேயே ஒரு முறை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்கு மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது. எந்த ஒவ்வாமை என்று பார்க்க வேண்டுமானால் தோல் சோதனையோ ரத்தத்தில் ஐஜிஇ சோதனையோ அவர் முடிவு செய்வார்.

மூச்சு விடும்போது விலா எலும்புக்கு இடையில் குழி விழுந்தாலோ, ஒரு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போல் சொல்ல முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நெபுலைசரை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

என் கிளினிக்கின் பக்கச் சுவரை மூன்று வருடத்தில் மூன்று முறை பெயிண்ட் அடித்தேன். விளம்பரத்தில் வரும் டேம்ப் ப்ரூஃப் வகைதான். நான்காவது முறை வந்த பிளம்பர், சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், பெயிண்டை விடுங்க, தண்ணியை நிறுத்துங்க" என்றார். உள்ளே ஓடிய குழாயின் எல்போவில், அதாவது வளைவு இணைப்பில், ஊசிமுனைக் கசிவு. நுரையீரல் படித்தவனுக்கு அது தெரியவில்லை.

உங்கள் சுவரைப் பற்றி எனக்குத் தோன்றுவது: முதல் தளம் என்பதால் தரையிலிருந்து ஏறும் ஓதம் இல்லை. கூரை காய்ந்திருந்தால் மேல்வீட்டுக் கசிவும் இல்லை. அந்தப் பக்கம் குளியலறை, கறை முழங்காலிலிருந்து இடுப்பு வரை. ஒன்று, சுவருக்குள் போகும் குழாய் கசிகிறது, இல்லையென்றால் குளிக்கும் தண்ணீர் டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்குகிறது. பிரித்தறிய ஒரு வழி உண்டு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது குளியலறைக்கு வரும் வால்வை மூடாமல் விட்டுப் போங்கள். நான்கைந்து நாள் யாரும் குளிக்காமலே சுவரின் ஈரம் குறையாமல் அப்படியே இருந்தால் பெரும்பாலும் குழாய்தான். ஈரம் நன்றாகக் குறைந்திருந்தால் டைல்ஸ் இடுக்கு.

காற்றிலுள்ள ஈரம்தான் சுவரில் படிகிறதா என்றும் பார்த்துவிடலாம். ஒரு அடி சதுரத்துக்குத் தடித்த பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் முத்து இருந்தால் அறைக் காற்றின் ஈரம். போட்டோ எடுத்து வையுங்கள், வீட்டுக்காரரிடம் வாதாடுவதைவிட அது நன்றாகப் பேசும்.

சுத்தம் செய்யும் முறை

பாதித்த பகுதி மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் என்றால் வீட்டிலேயே செய்யலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்கு. அதைவிடப் பெரிதென்றால் ஆள் வைத்துச் செய்வது நல்லது. செய்வது கணவராக இருக்கட்டும். பையனும் மாமியாரும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். என்95 முகக்கவசம், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, சுவரைச் சோப்புத் தண்ணீரால் நனைத்த பிறகுதான் தேய்க்க வேண்டும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் பூஞ்சையின் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். துடைத்த துணியைக் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும், ஆகவே கொல்வதைவிட அகற்றுவதே முக்கியம். பொரிந்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கசிவை அடைத்து, செங்கல் நன்றாகக் காய்ந்த பிறகுதான் புதுப் பூச்சும் பெயிண்டும். காய வாரக்கணக்கில் ஆகலாம், பெயிண்டர் அவசரப்படுத்துவார், விடாதீர்கள்.

பிளீச்சுக்கு வேலை டைல்ஸில் மட்டும். கடையில் விற்கும் திரவ பிளீச் ஒரு டம்ளர், நான்கு லிட்டர் தண்ணீருக்கு. அதுவும் தனியாக. சுவர்ப் பூச்சு நீரை உறிஞ்சும் பொருள், அங்கே பிளீச் மேலேயே நின்றுவிடுகிறது, கூடவே கொடுத்த தண்ணீர் உள்ளே இறங்குகிறது.

அதன் பிறகு: பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள். மழை நாளில் துணியை அந்த அறைக்குள் காயப்போட வேண்டாம். குளித்ததும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். அறை ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று எழுதுவார்கள். கார்த்திகை மாதச் சென்னையில் ஏசி இல்லாமல் அது நடக்காது, அதற்காக மனம் சோர வேண்டாம். சுவர் காய்ந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஏர் பியூரிஃபையர் வித்துகளில் கொஞ்சத்தைப் பிடிக்கும், ஆனால் சுவர் ஈரமாக இருக்கும்வரை வித்து வந்துகொண்டே இருக்கும். அந்தக் காசைப் பிளம்பருக்குக் கொடுங்கள்.

காலி செய்வதா, செலவு யாருடையது?

சட்டம் என் துறையில்லை, நோயாளிகளுக்காக ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது. கட்டடத்தின் பழுது, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது, வெள்ளையடிப்பது ஆகியவை வீட்டுக்காரர் பக்கம். குழாய் வாஷர் போன்ற சில்லறை வேலை குடியிருப்பவர் பக்கம். எழுத்தில் தெரிவித்தும் அவர் செய்யாவிட்டால், நீங்களே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. உங்கள் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கழிப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

சண்டையில் தொடங்க வேண்டாம் என்பேன். தேதியோடு போட்டோக்கள், பாலித்தீன் தாள் படம், பையனின் மருத்துவச் சீட்டின் நகல், இவற்றோடு மரியாதையாக ஒரு கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்புங்கள். "உங்க சுவரும் கெட்டுப்போகுது சார்" என்ற ஒரு வரியையும் சேருங்கள், பல வீட்டுக்காரர்களுக்கு அந்த வரிதான் காதில் விழும். பழுதுபார்க்கும்வரை பையனை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள், ஹாலில் படுக்கட்டும். மாசிக்குள் வேலை தொடங்கினால் கோடை முழுக்கச் சுவர் காய நேரமிருக்கிறது. தொடங்கவில்லை என்றால், அடுத்த ஐப்பசிக்கு முன் வேறு வீடு பார்ப்பதில் தயங்க வேண்டாம். இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும் அவனுக்கு இரைப்பு அடங்காவிட்டால், ஐப்பசி வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

புடவையைக் கேட்டிருந்தீர்கள். வாசலில் வைத்து, முகக்கவசத்தோடு, உலர்ந்த மென்துணியால் பூசணத்தைத் துடைத்துவிட்டு நிழலில் காற்றாட விடுங்கள். உச்சி வெயில் பட்டின் நிறத்தைக் கெடுக்கும். பிளீச் கூடவே கூடாது. கறை நின்றுவிட்டால் டிரை கிளீனிங். பிறகு பிளாஸ்டிக் கவரில் போடாமல் பழைய வேட்டித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். பீரோவில் அந்துருண்டை போடுவதாக இருந்தால், பையன் கைக்கு எட்டாத தட்டில்.